மட்டம் தப்பினால் ஊசி

(ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

வரும் வழியில் கைவிட்ட தேயிலை மலை ஒன்றைப் பார்த்தேன். கொழுந்தும் எடுக்காமல் கவ்வாத்தும் வெட்டாமல் போட்டதில், செடியெல்லாம் மரமாகிவிட்டது. பற்றரியைப் பற்றிப் பேச வந்தவன் தேயிலைக்குப் போய்விட்டானே என்று பார்க்கிறீர்கள். வருகிறேன்.

உங்கள் போன் பற்றரியின் அனோட்டு, அதாவது எதிர்முனை, காரீயம் (கிராபைட்). போகலைச் சுரங்கத்தில் தோண்டுகிறோமே, அதே சாமான்தான். ஒரு கிராம் காரீயம் 372 மில்லியம்பியர் மணி மின்னேற்றம் பிடிக்கும். அதற்குப் பதிலாக இலித்திய உலோகத்தையே வைத்தால் 3,860. பத்து மடங்கு! அப்புறம் ஏன் வைக்கவில்லை? வைத்துப் பார்த்தார்கள். 1970களில் விஞ்ஞானி ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த பற்றரியில் உலோகம்தான் இருந்தது. தீ விபத்துப் பயம் விடவில்லை. 1985இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா யோஷினோ கார்பனுக்கு மாறிய பிறகே விஷயம் பத்திரமானது.

உலோக அனோட்டு வைத்த பற்றரியில் சார்ஜ் ஏறும்போது இலித்தியம் அயன்கள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) அனோட்டில் உலோகமாகப் படியும். ஒரே மட்டமாகப் படிந்தால் வம்பில்லை. எங்காவது சின்ன மேடு இருந்தால் மின்புலம் அந்த நுனியில் குவியும். அடுத்து வரும் அயனும் அங்கேதான் போகும். மட்டத்தை மீறிய கொழுந்துக்கே வெயில் கூடுதலாகக் கிடைப்பது போல. அப்படியே ஊசியாக வளர்ந்து, நடுவிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைத் துளைத்து, மறுபக்கத்து நேர்முனையான கதோட்டைத் தொட்டால் குறுஞ்சுற்று (ஷோர்ட் சர்க்கிட்). உள்ளே இருப்பதோ எளிதில் எரியும் திரவம்.

சரி, நடுவில் பீங்கான் மாதிரி கெட்டியான சுவர் வைத்தால்? இலித்தியம் கத்தியால் வெட்டக்கூடிய மெது உலோகம், சுவரைத் துளைக்காது என்றுதான் பலர் நினைத்தார்கள். நுண்ணிய வெடிப்புகள் வழியாகப் புகுந்துவிட்டது. ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. ஆனால் எனக்குச் சுவரைவிட மட்டத்தில்தான் நம்பிக்கை. நம் அம்மாமார் செடி மரமான பிறகா ஓடுகிறார்கள்? வாராவாரம் கொழுந்தெடுத்தே மட்டம் காக்கிறார்கள்.

இலித்தியத்தின் மேல் தானாகவே ஒரு தோல் படரும். அது வெடித்த இடத்தில்தான் ஊசி முளைக்கும். உள்ளே இருக்கும் அந்தத் திரவத்தில், அதாவது மின்பகுதிரவத்தில், இலித்தியம் நைத்திரேற்றோ புளோரின் சேர்வைகளோ கலந்தால் அந்தத் தோல் உறுதிப்படும். பற்றரிக் கலத்தை இறுக்கிப் பிடித்து வைப்பதும், மெதுவாக சார்ஜ் ஏற்றுவதும் உதவும்.

“எங்கள் போனிலும் இது வருமா, சேர்?” என்று முன்வரிசைப் பிள்ளை கேட்கிறாள். வரலாம். கடுங்குளிரில் இலித்தியத்துக்குக் காரீய அடுக்குகளுக்குள் வேகமாக நுழைய முடியாது. மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். தை மாதம் நுவரெலியாவில் உறைபனி விழுந்த காலையில், வெளியே கிடந்த போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். உள்ளே கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகு போடுங்கள்.