நாயையும் பத்திரத்தில் ஏற்றுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வாடகை வீட்டில் நாய், பூனை வளர்ப்பது பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, ஒரு வக்கீலைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். வக்கீலிடம் சண்டை முற்றிய பிறகுதான் போவார்கள், உங்களிடம் சண்டைக்கு முன்னாலேயே வருகிறார்களே என்றார்கள். சரிதான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திரம் எழுதுகிற ஆள். வீடு கொடுக்கிறவரும் எடுக்கிறவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துப் பேசுகிற அந்த அரை மணி நேரம் என் மேசையில்தான் நடக்கிறது.

அந்த அரை மணியில் என்ன பேசுவார்கள்? அட்வான்ஸ் எவ்வளவு, கரண்டுக்குத் தனி மீட்டரா, வண்டியை எங்கே நிறுத்துவது, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுவீர்கள். அவ்வளவுதான். பத்திரத்தில் இருக்கிற மற்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. பழைய ஒப்பந்தத்தில் பெயரையும் தேதியையும் மாற்றி அடிப்பதுதான் வழக்கம் என்பதால், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, உரலில் மாவு இடிக்கக் கூடாது என்றெல்லாம் இன்றைக்கும் வந்துகொண்டிருக்கும். உரலை இப்போது யார் வீட்டில் பார்க்கிறோம்? அதற்கு அடுத்த வரியில் இருக்கும்: ஆடு, மாடு, கோழி, நாய், பூனை முதலான எந்தப் பிராணியையும் வளர்க்கக் கூடாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். சாயங்காலம் டாடா ஏஸில் கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் வந்து இறங்கும். கடைசியாக, டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு லாப்ரடார் இறங்கும்.

சண்டை அன்றைக்கே வந்தால் நல்லது. பெரும்பாலும் வராது. முதல் மாதம் அட்வான்ஸ் வாங்கிய முகத்துக்கு வீட்டுக்காரர் பேசாமல் இருப்பார். நாலாவது மாதம் வாடகை பத்து நாள் தள்ளிப் போகும். அப்போதுதான் நாய் குரைப்பது அவர் காதில் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி மிரட்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நாய், பூனை என்ற பேச்சே கிடையாது. காலி செய்யச் சொல்வதற்கான காரணங்களிலும் 'நாய் வளர்த்தார்' என்று ஒன்று இல்லை. வீட்டைச் சேதப்படுத்துவது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கொடுப்பது, எழுத்தில் சொல்லியும் அதை நிறுத்தாதது ஆகியவை இருக்கின்றன. வீட்டுக்காரர் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ஆனால் நடப்பில் அவர் அவ்வளவு தூரம் சுற்ற மாட்டார். பதினோரு மாதம் முடிந்ததும் 'பையனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும்' என்பார். கல்யாணம் நடக்குமோ நடக்காதோ, வீடு காலியாகிவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். செல்போனில் ஒரு செய்தி சுற்றுகிறது, 'நாய் வளர்ப்பதை யாரும் தடுக்க முடியாது, கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று. பாதி உண்மை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பெரும்பான்மை ஓட்டு போட்டுக்கூட நாய்க்குத் தடை போட முடியாது, லிப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்ல முடியாது என்றது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் சங்க விதிகளில் இப்படித் தடை எழுதினால் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. இரண்டும் சங்கங்களுக்குச் சொன்னவை. புதுப்பாளையத்தில் கீழே தான் குடியிருந்துகொண்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிற ஒரு பெரியவர், 'எனக்கு நாய் ஆகாது' என்று சொல்லித்தான் விடுகிறார், நீங்களும் சரி என்று கையெழுத்துப் போட்டீர்கள் என்றால், அந்தச் செய்தியைக் காட்டி அவரை மடக்க முடியாது.

வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் நின்று பேசுகிறேன், ஏனென்றால் பிராணி வளர்க்கிறவர்கள் அவரை ஒரு வில்லனாகவே பார்க்கிறார்கள். ரிட்டயர் ஆன பணத்தில் மாடி எடுத்தவர் அவர். காலி செய்த வீட்டைப் போய்ப் பாருங்கள். ரூம் கதவின் அடிப்பாகம், தரையிலிருந்து இரண்டு அடி உயரம்வரை, வரி வரியாகக் கீறியிருக்கும். உள்ளே அடைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் நாய் கதவைத்தான் சுரண்டும். தேக்குக் கதவு என்றால் இழைத்து வார்னிஷ் அடித்துவிடலாம். பிளைவுட் கதவு என்றால் மேல்தாள் பிய்ந்து மாற்றத்தான் வேண்டும். கொசுவலையில் பூனை ஏறிய ஓட்டைகள். மொசைக் தரையில் மூத்திரம் ஊறிய மூலை. அந்த நாற்றத்துக்குப் பயந்து வாடகைக்காரர் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருப்பார். மூத்திரம் செய்யாத கெடுதலை ஆசிட் செய்யும், மொசைக்கின் பாலிஷ் போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பளிங்குக்கும் அதே கதிதான். ஈரம் காயுமுன் துணியால் ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை துடைத்தாலே போதும். பினாயிலும் வேண்டாம், பூனை இருக்கிற வீட்டில் அது பூனைக்கே விஷம். ஆண் பூனைக்குக் கருத்தடை செய்யாமல் வளர்த்தால் அது தன் எல்லையைக் காட்டச் சுவரெல்லாம் பீய்ச்சும். எவ்வளவு கழுவினாலும் மறுபடி அங்கேயே பீய்ச்சும். அந்த வீட்டுக்கு அடுத்து ஆள் வருவது கஷ்டம்.

அப்புறம் சத்தம். லைன் வீடுகளில் நடுச்சுவர் ஒன்றுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காலையில் சிப்காட்டுக்கு பஸ் ஏறிவிடுவார்கள், நாய் கிரில் கேட்டில் கட்டிக் கிடக்கும். தனிமையில் அது ஊளையிடுவதைக் கேட்பது அதன் சொந்தக்காரர் இல்லை, அடுத்த போர்ஷனில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறவர். 'எங்க டாமி குரைக்கவே குரைக்காது' என்று சொந்தக்காரர் சத்தியம் செய்வார். அவர் வீட்டில் இருக்கும்போது அது குரைப்பதில்லை, அதனால் அவர் சொல்வது பொய்யும் இல்லை.

வாசல் விஷயமும் உண்டு. வீட்டுக்கார அம்மா ஐந்து மணிக்கு எழுந்து தெளித்து, குனிந்து கோலம் போட்டு, செம்மண் இட்டு நிமிர்வதற்குள், மாடியிலிருந்து இறங்குகிற நாய் கேட் தூணில் காலைத் தூக்கும். அது வழிந்து கோலத்துக்கு வரும். இதை ஒரு சின்ன விஷயமென்று நினைக்கிற வாடகைக்காரர்கள் அந்த வீட்டில் அதிக நாள் இருந்து நான் பார்த்ததில்லை. பின்பக்கமாகக் கூட்டிப்போனால் தீர்ந்தது, அதைச் செய்ய மாட்டார்கள்.

இப்போது அந்தப் பக்கம். சில வீட்டுக்காரர்களைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தேய்பிறை அஷ்டமி தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போய் பைரவருக்கு விளக்குப் போடுவார். பைரவருக்குப் பின்னால் நிற்பது யார்? ஆனால் வீட்டுக்கு நாய் ஆகாது, சாமி அறை இருக்கிறதாம். இன்னொருவர் நாய், பூனை கூடவே கூடாது என்று என்னிடம் அடித்துச் சொன்னார். எழுதினேன். அவர் வீட்டு வராந்தாவில் கூண்டில் ஒரு பச்சைக்கிளி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம், நட்சத்திர ஆமையும் அப்படித்தான். வாடகைக்காரர் தடுப்பூசி போட்டு வளர்க்கிற நாய் சட்டப்படி சரி, வீட்டுக்காரர் கொஞ்சுகிற கிளிதான் சட்டவிரோதம். சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

கடலூர் ஓ.டி., அதாவது பழைய நகரம், அந்தப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே பூனைக்கு வீட்டுக்காரரும் கிடையாது, வாடகைக்காரரும் கிடையாது. மீன் கூடை எந்த வாசலில் இறங்குகிறதோ அந்த வாசலில் அது இருக்கும். வாடகைக்காரப் பெண் தலையையும் செதிலையும் போடுகிறாள் என்பதற்காக அது அவள் பூனை, அவள் ஒப்பந்தத்தை மீறிவிட்டாள் என்று ஒருவர் என்னிடம் வந்தார். அவள் காலி செய்து போனாலும் பூனை போகாதே ஐயா என்றேன். யோசித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எனக்கு வயிறு எரிவது வேறொரு இடத்தில். மாற்றல் வருகிறது. பேங்க்காரர், போலீஸ்காரர், நெய்வேலியில் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வருகிறவர் என்று எல்லோரும் வீடு தேடுகிறார்கள். பத்து வீடு பார்த்தால் ஒன்பதில் நாய் கூடாது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நாள் இல்லை. கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் நாயை வண்டியில் ஏற்றித் தேவனாம்பட்டினத்தில் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். சோறு இருக்கும், மீன் கிடைக்கும் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இடம் கிடையாது. அங்கே இருக்கிற நாய்கள் முதல் ராத்திரியே குதறிவிடும். பசியால் தாகத்தால் வாடும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிடுகிற காசுதான். பிராணியைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ மட்டும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை இருக்கிறது. பிஸ்கட்டில் விஷம் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

தெரு நாய்த் தொல்லை என்று ஊரெல்லாம் பேசுகிறோம். 2025-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தத் தெரு நாய்களில் சில, என் போன்றவர்கள் படிக்காமல் அடித்த ஒரு வரியால் தெருவுக்கு வந்தவை என்பதை நான் நம்புகிறேன்.

அதனால் அந்த வரியை இப்போது நான் தானாக அடிப்பதில்லை. நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்: நாய், பூனை ஏதாவது உண்டா? வாடகைக்காரர் முகம் மாறும், மனைவியைப் பார்ப்பார். பரவாயில்லை, சொல்லுங்கள், இப்போது சொன்னால் வாசலோடு போய்விடும், அப்புறம் தெரிந்தால் சாமான் சட்டோடு போக வேண்டியிருக்கும் என்பேன். இருக்கிறது என்றால் அதையும் பத்திரத்தில் ஏற்றுகிறேன். என்ன இனம், என்ன நிறம், எத்தனை வயது, கூப்பிடுகிற பெயர் என்ன. இந்த ஒரு பிராணிக்குத்தான் அனுமதி, குட்டி போட்டாலோ இன்னொன்று வாங்கினாலோ கேட்டுத்தான் செய்ய வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம் போட்ட அட்டையின் நகல் வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும். எந்தப் பக்கமாக வெளியே கூட்டிப்போவது, மொட்டை மாடிக்கு விடலாமா கூடாதா என்பதும் எழுதப்படும். கதவு, கொசுவலை, தரை சேதமானால் வாடகைக்காரர் செலவு. வழக்கமாகப் பெயிண்டுக்குப் பிடிக்கிற ஒரு மாத வாடகை வேறு, இது வேறு. குடிவரும் அன்றைக்கே கதவுகளின் அடிப்பாகத்தைப் போட்டோ எடுத்து இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறேன். போகும்போது 'இது பழைய கீறல்', 'இல்லை உன் நாய் கீறியது' என்ற வழக்கு பாதி குறைந்துவிடுகிறது. கதவின் கீழே ஒரு அலுமினியத் தகடு அடித்துவிட்டால் மீதிப் பாதியும் இல்லை.

எல்லா வீட்டுக்காரரும் சம்மதிப்பதில்லை. சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. சிலர், ஆச்சரியமாக, நாயின் பெயரைக் கேட்டதும் இளகிவிடுகிறார்கள். 'மணியா? எங்கள் அப்பா காலத்தில் ஊரில் இருந்த நாய் பேரும் மணிதான்' என்று ஒருவர் அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் அந்தப் பழைய மணியின் கதையைச் சொன்னார். எனக்கு அன்று அடுத்த பத்திரம் தாமதமாயிற்று.

கூட்டத்தில் ஒரு அம்மா சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: 'பத்திரத்தில் கூடாது என்று இருக்கிறது, ஆனால் ஆறு மாதமாகப் பூனை வைத்திருக்கிறோம், வீட்டுக்காரருக்குத் தெரியாது, என்ன செய்ய?' தெரியாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அம்மா. அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த மாத வாடகையை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும் எடுத்துப்போய், இப்படி ஒரு பூனை இருக்கிறது, கருத்தடை செய்தாயிற்று, சேதம் வந்தால் நாங்கள் பொறுப்பு என்று நீங்களே சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பழைய பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மீதி ஐந்து மாதம் இருக்கிறது. பூனையோடு வரலாம் என்கிற வீடாக இப்போதிருந்தே தேட ஆரம்பியுங்கள். கடைசி வாரத்துக்கு விடாதீர்கள்.