முதலாம் ஆண்டில் பிள்ளை என்னதான் படிக்கிறது?

வணக்கம் நேயர்களே.

நம் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பெற்றோர் யாரைப் பார்த்தாலும், இப்போது என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். எங்கள் பெரியவர்கள் வாயில் அந்த ஊர் இன்னமும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான், அது வேறு கதை. கேள்வி இதுதான்: "டீச்சர், பரீட்சையே இல்லையே, பிள்ளை படிக்குதா இல்லையான்னு நாங்க எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

நியாயமான கேள்வி. 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்கும் பரீட்சையை எடுத்துவிட்டார்கள். 2021-இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆரும் போய்விட்டது. இப்போது இருப்பது வகுப்புசார் மதிப்பீடு. ஆண்டு முழுக்க ஆசிரியர் பிள்ளையைக் கவனித்து ஒன்றிலிருந்து ஆறு வரை ஓர் அடைவுநிலை போடுகிறார். மூன்று வந்தால் அந்த ஆண்டுக்கு வேண்டிய அடிப்படை வந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த அடிப்படை என்னவென்று தெரியாவிட்டால், மூன்று என்ற எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது? அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதல் சில வாரங்களில் பாடம் பெரிதாக ஓடாது. பென்சிலை எத்தனை விரலால் பிடிப்பது, எந்த நோட்டை எடுப்பது, சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்று காசு கொடுத்து மிச்சம் வாங்குவது, கழிவறைக்குப் போக வாய்திறந்து கேட்பது, எல்லாம் அப்போதுதான் படிகிறது. பாலர் பள்ளிக்குப் போன பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் இந்த வாரங்களில் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆண்டு நடுவில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடும். குறையாத பிள்ளைக்குக் குறைநீக்கல் வகுப்பு இருக்கிறது. அங்கே அனுப்புகிறோம் என்று ஆசிரியர் சொன்னால் சில பெற்றோர் முகம் சுருங்கிப் போகிறார்கள். சுருங்கத் தேவையில்லை. நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சொல்லித் தருவது வேறு எங்கே கிடைக்கும்?

அப்புறம் தமிழ். எழுத்து 247 என்று கேட்டதும் மலைப்பாக இருக்கும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, உயிர்மெய் 216. பிள்ளை 216-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. கால், கொம்பு, விசிறி என்று துணைக்குறிகளைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசைதான். கு, சு, டு, து, மு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். அங்கே குறியை வைத்துச் சமாளிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் எழுதிப் பழக வேண்டும். அதற்கு அடுத்த சிக்கல் கொ, கோ. காது முதலில் கேட்பது 'க்', கை முதலில் போட வேண்டியது கொம்பு. பிள்ளை கானாவை எழுதிவிட்டு, அப்புறம் அதன் முன்னால் கொம்பை நெருக்கி நுழைத்திருப்பதை நோட்டில் பார்க்கலாம். இடம் போதாமல் கொம்பு கோட்டுக்கு வெளியே தொங்கும். உடனே ரப்பரை எடுத்து அழிக்காதீர்கள். அந்தப் பிள்ளை ஒலியைப் பிரித்துக் கேட்டிருக்கிறது, கை பின்னால் வந்துவிடும்.

பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படித்தபோது லை, னை எல்லாம் முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்து எழுதினீர்கள். 1978-இல் தமிழ்நாடு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம்தான் இங்கேயும் பாடநூலில் இருக்கிறது. பேரப்பிள்ளைக்குச் சொல்லித் தரும்போது புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். தும்பிக்கையை ஓய்வாக இருக்கும்போது கதையாகச் சொல்லலாம், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

குறில் நெடில், வல்லினம் மெல்லினம், ஆத்திசூடியில் சில வரிகள், இவையும் இந்த ஆண்டில் வரும். ஆத்திசூடியைப் பிள்ளைகள் இரண்டே நாளில் ஒப்புவித்துவிடும். எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகும். விருந்தாளி வந்தால் ஒப்பிக்கச் சொல்கிறோம், வாசிக்கச் சொல்வதில்லை. இதை நான் குறையாகவே சொல்கிறேன்.

நம் பிள்ளைகள் இதே ஆண்டில் மலாயும் ஆங்கிலமும் படிக்கிறார்கள் என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அந்த இரண்டுக்கும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. சி, ஏ, டி என்று மூன்று எழுத்தைப் பலகையில் எழுதுங்கள். மலாய்ப் பாடத்தில் அது 'சாட்', சுவருக்கு அடிக்கிற சாயம். அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் உள்ளே வந்தால் அதுவே 'கேட்', பூனை. ஏழு வயதுப் பிள்ளை அரைமணி நேரத்துக்குள் இந்த மாற்றத்தைச் செய்தாக வேண்டும். இதில் தடுமாறுகிற பிள்ளையை மக்கு என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கணிதத்துக்கு வருவோம். முதலாம் ஆண்டில் எண்கள் 100 வரைதான். வாயால் நூறு வரை ஓட்டிச் சொல்வது ஒன்று, எண்ணைப் புரிந்துகொள்வது வேறொன்று. "நாற்பத்து மூன்று எழுது" என்றால் சில பிள்ளைகள் 403 என்று எழுதும். நாற்பதுக்கு 40, அதன் பக்கத்தில் 3. கேட்டபடியே எழுதியிருக்கிறது, பாவம். இடமதிப்பு இன்னும் உட்காரவில்லை என்று அதில் தெரிந்துகொள்ளலாம். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி ரப்பர் வளையம் போட்டு, நாலு கட்டும் மூன்று உதிரியும் முன்னால் வையுங்கள், சில நாளில் விளங்கிவிடும். அதே மாதிரி எண்பத்தொன்பது வரை நன்றாக வந்த பிள்ளை அங்கே நின்று, 'எண்பத்துப் பத்து' என்று சொல்லும். சிரிக்காதீர்கள், அந்தக் கணக்கு சரிதானே!

இதே ஆண்டில் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட் வரை பணக் கணக்கு உண்டு. முன்பெல்லாம் இது பள்ளிக்கு வருமுன்பே பிள்ளைகளுக்குத் தெரியும். கடைக்கு அனுப்புவோம், ஐந்து காசு குறைந்தாலும் வந்து சொல்லும். இப்போது பெற்றோர் கைப்பேசியில் கியூஆரைக் காட்டி வாங்கிவிடுகிறார்கள். காசு கை மாறுவதையே பிள்ளை பார்ப்பதில்லை. 20 சென் மூன்று, 10 சென் நான்கு, சேர்ந்தால் ஒரு வெள்ளி என்று புத்தகப் படத்தைப் பார்த்துக் கற்பது கஷ்டம். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போகும்போது இரண்டு வெள்ளிக்குச் சில்லறையைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கூட்டல் கழித்தல் பயிற்சி நூல் இன்னொன்று வாங்குவதைவிட அது மேல்.

அறிவியலைக் கேட்டால் பெற்றோர் பலருக்கு ஆச்சரியம், "முதலாம் ஆண்டுலேயே அறிவியலா?" என்பார்கள். ஆமாம். ஐம்புலன்கள், விலங்கு, தாவரத்தின் பாகங்கள், காந்தம், நீரை உறிஞ்சும் பொருள், உறிஞ்சாத பொருள். சில பள்ளிகளில் இருமொழித் திட்டத்தில் இதையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். எந்த மொழியில் நடத்தினாலும் முதல் திறன் உற்றறிதல்தான், கண்ணும் காதும் கையும் வைத்துக் கவனிப்பது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917-இல் இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. பெரும்பாலான குடும்பங்கள் தோட்டத்து லய வீடுகளை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டாலும், தோட்டத்தில் வேலை பார்த்த தாத்தா இன்னும் வீட்டில் இருப்பார். குலை பழுத்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று அவரிடம் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். மரத்தடியில் உதிரிப்பழம் கிடப்பதைப் பார்த்துத்தான் என்பார். பாடநூல் கேட்கிற உற்றறிதலும் அதுதான்.

காட்சிக்கலை, இசை, உடற்கல்வி, நலக்கல்வி, நன்னெறி இவையும் உண்டு. நேரம் குறைவு, ஒன்று மட்டும் சொல்கிறேன்: கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பென்சிலும் சீக்கிரம் வசப்படும். அதனால் காட்சிக்கலைப் பொருள் வாங்கச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள்.

மாணவர் மிகக் குறைந்த தோட்டப் பள்ளிகளில் முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் ஒரே வகுப்பில் உட்காரும். அங்கே பிள்ளையைப் போடத் தயங்குகிறவர்கள் உண்டு. ஆசிரியருக்கு அது சிரமம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய பிள்ளை வாசிப்பதைக் காதில் வாங்கியே சின்னது பாதி கற்றுவிடுகிறது.

சரி, ஆண்டு முடிவில் அறிக்கை கையில் வரும்போது "எத்தனாவது நிலை?" என்பதோடு நிறுத்தாதீர்கள். மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பார்க்காத ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் என் பிள்ளை தானே வாசிக்கிறதா? 43-இல் நான்கின் மதிப்பு என்னவென்று சொல்கிறதா? தெரியாததைத் தெரியவில்லை என்று கேட்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை, கேட்கிற பெற்றோரைத்தான் குறைவாகப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் ஆண்டில் எண்கள் 1000 வரை போகும், பெருக்கல் வாய்ப்பாடும் தொடங்கிவிடும். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இல்லையென்று ஆசிரியர் சொன்னால், விடுமுறையில் தினமும் பத்து நிமிடம் அதற்கு மட்டும் ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.