வேதாளர் படம் ஏன் ஒட்டவில்லை? – நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி தேவகோட்டையிலிருந்து. ஒரு தம்பி கேட்கிறார்: "அண்ணே, 1996-ல் வந்த வேதாளர் (ஆங்கிலத்தில் 'தி ஃபேன்டம்') படத்தை இப்போதுதான் பார்த்தேன். குதிரை, மண்டையோட்டுக் குகை எல்லாம் இருக்கிறது. அப்புறம் ஏன் காமிக்ஸ் ஆட்கள் குறை சொல்கிறீர்கள்? அந்த ஊதா உடைதான் காரணமா?"

சரி, முதலில் உடையை முடித்துவிடுவோம். அது காரணமே இல்லை தம்பி. கதாசிரியர் லீ ஃபாக் 1936-ல் காட்டில் வாழும் இந்த முகமூடி வீரரின் காமிக்ஸ் தொடரை ஆரம்பித்தபோது சாம்பல் நிறத்தைத்தான் மனதில் வைத்திருந்தார். 1939-ல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் வந்தபோது ஊதாவாக அச்சாகிவிட்டது. நம் இந்திரஜால் காமிக்ஸில் வேதாளர் நீலத்திலும் வந்திருக்கிறார். காரைக்குடிப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை போன இதழ்களைப் புரட்டி வளர்ந்தவர்களுக்கு நிறமெல்லாம் ஒரு பிரச்சினையா? படத்தில் அந்தக் கோடு போட்ட டிராயரை எடுத்துவிட்டார்கள். அதற்கு நன்றிதான் சொல்ல வேண்டும்.

குறை மோதிரத்தில் இருக்கிறது. காமிக்ஸில் அது வெறும் மோதிரம். வலது கையால் தாடையில் ஒரு குத்து விட்டால் மண்டையோடு பதியும், அப்புறம் அழியாது. அவ்வளவுதான் அதன் வேலை. படத்தில் மூன்று மண்டையோடுகள் ஒன்றுசேர்ந்தால் பெரிய சக்தி வரும் என்றார்கள். கடைசியில் நான்காவது மண்டையோடு வேதாளரின் மோதிரம்தான் என்று சொல்லி, அதிலிருந்து ஒளிக்கதிரையும் கிளப்பிவிட்டார்கள். போதாததற்கு, செத்துப்போன அப்பா வேறு வந்து மகனிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

வேதாளரிடம் எந்த மந்திரமும் கிடையாது. சுட்டால் ரத்தம் வரும். 400 வருஷமாகச் சாகாதவர் என்று காடு நம்புகிறது, எதிரியும் நம்புகிறான். அப்பா இறந்ததும் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான், இவர் 21-ஆவது ஆள் என்பது நமக்குத் தெரியும். நம் ஊரில் பேரனுக்கு ஐயா பேர் வைப்போம். அங்கே அப்பச்சி பேரே மகனுக்கும், கிட் வாக்கர். (ராணி காமிக்ஸில் இவரை மாயாவி என்பார்கள். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அந்த ரகசியத்தைக் காப்பாற்ற அவர் படுகிற பாடு இருக்கிறதே, அதில்தான் ருசியே. நகரத்துக்குப் போனால் நீளக் கோட்டு, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஓநாய் டெவிலைக் கூட்டிக்கொண்டு மதுக்கடைக்குள் நுழைந்து பால் கேட்பார்! சிரித்தவன் கதி அடுத்த கட்டத்தில் தெரியும். முகமூடிக்குள் கண்மணியைக்கூட வரைய மாட்டார்கள், வெறும் வெள்ளைதான். படத்தில் அதே ஆள் நியூயார்க்கில் முகம் முழுக்கத் தெரியத் திரிகிறார். வேதாளராக நடித்த பில்லி ஜேன் லட்சணமான மனுஷன், காசு கொடுத்துக் கூட்டிவந்த முகத்தை மூடிவைக்கத் தயாரிப்பாளருக்கு மனசு வருமா? எனக்குப் புரிகிறது. ஆனால் ஒளிக்க வேண்டியதை ஒளிக்காமல், இல்லாத மந்திரத்தைக் கொண்டுவந்து சேர்த்தால் அது வேதாளர் கதை இல்லை.

பார்க்கவே கூடாத படம் என்று சொல்லமாட்டேன். கதையை 1930-களிலேயே விட்டுவைத்தார்கள், செல்போன் காலத்துக்கு இழுத்துவரவில்லை. பறக்கிற விமானத்திலிருந்து காதலி டயானாவோடு குதிரை மேல் இறங்குகிற காட்சி ஒன்று வருகிறது பாருங்கள், நம்பவே முடியாத சங்கதி, ஆனால் அசல் காமிக்ஸ் கட்டம். அதற்காக இரண்டாம் தடவையும் பார்ப்பேன். ஒளிக்கதிர் வருகிற இடத்தில் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.