நீர்யானை வாய் திறக்கும் வரை

நேயர்களுக்கு வணக்கம். பொழுதுபோக்கும் உடல்நலமும் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். மார்த்தாண்டம் பக்கத்தில் முப்பது வருடமாக வைத்தியம் பார்க்கிறவன் நான். தலைப்பைக் கேட்டதும் என் அத்தையும் திருவனந்தபுரத்து நீர்யானையும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

அத்தைக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. மாமா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்குள் அடுக்களை, கட்டில், டிவி என்று ஒரு சின்ன முக்கோணத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை கூட்டியாயிற்று. தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "ஒரு காரியமும் இல்லாம ரோட்டுல நடக்கதுக்கு எனக்கு என்ன கிறுக்கா மக்களே?" என்றார். நியாயமான கேள்விதான். வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் எடுக்கவும், புல் அறுக்கவும், சந்தைக்குப் போகவும் நடந்தவர். நடப்பதற்காக நடப்பது என்பது அவருக்குப் புரியாத பாஷை.

அந்த லீவில் பேரப்பிள்ளைகள் மிருகசாலை பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். சரி, அத்தையும் வரட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

நம்மூர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் உயிரியல் பூங்கா என்று சொல்ல மாட்டார்கள், மிருகசாலைதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் நமக்குத் தலைநகரமே திருவனந்தபுரம்தானே. அந்த மிருகசாலை வந்த கதையும் ரசமானது. 1857-இல் அங்கே முதலில் வந்தது அருங்காட்சியகம்தான். வெறும் கல்லையும் சிலையையும் பார்க்கப் போதிய கூட்டம் வரவில்லை. அதனால் 1859-இல் பக்கத்திலேயே மிருகங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். உயிருள்ள ஒன்று இருந்தால்தான் மனிதன் வீட்டை விட்டுக் கிளம்புவான் என்று அன்றைக்கே யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள். எங்கள் அத்தை விஷயத்தில் எனக்கு அது எட்டவில்லை, பாருங்கள்.

பிரஷர் பார்க்கும் மெஷின் என் பையில் எப்போதும் இருக்கும். நுழைவாயில் பக்கத்துப் பெஞ்சில் அத்தையை உட்காரவைத்துப் பார்த்தேன். 158-க்கு 94. உள்ளே போனோம். ஏறக்குறைய 55 ஏக்கர், மேடும் பள்ளமும், நடுவில் ஒரு குளம், பெரிய பெரிய மரங்களின் நிழல். முட்டு வலிக்கிறது என்று அத்தை முதல் ஏற்றத்திலேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் சிங்கவால் குரங்கைப் பார்க்க ஓடினார்கள். "அது என்னடே, தாடி வச்ச குரங்கு?" என்று கேட்டுக்கொண்டே அத்தையும் பின்னால் போனார். அப்புறம் முட்டு வலிப் பேச்சே வரவில்லை.

நீர்யானை இருக்கும் இடத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டார். தண்ணீருக்கு மேலே இரண்டு காது, இரண்டு கண், மூக்கு, அவ்வளவுதான் தெரிகிறது. காது மட்டும் விசிறி மாதிரி ஒரு தடவை சுழன்று தண்ணீரைத் தெறிக்கும். அப்புறம் மூக்கு மூடும், உடம்பு கீழே போகும். எங்கே வரும், எப்போது வரும் என்று தெரியாது. பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டது. அத்தை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அசையாமல் நின்றார். கடைசியில் அது மேலே வந்து வாயைத் திறந்தது பாருங்கள், ஒரு பெட்டியின் மூடியைத் திறக்கிற மாதிரி. அத்தை வாய்விட்டுச் சிரித்தார். மாமா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பும்போது அதே பெஞ்சில் மறுபடி பார்த்தேன். 142-க்கு 88.

இதைக் கேட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டு ரயில் ஏறிவிடாதீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் தடவை நான் பார்த்ததே முறையில்லை. பஸ்சில் குலுங்கி, ஏற்றம் ஏறி வந்தவரை உட்காரவைத்த உடனே பார்த்தேன். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஒரு மாணவன் இப்படிப் பார்த்திருந்தால் திட்டியிருப்பேன்.

ஆனால் இதை ஒழுங்காகச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் மிருகக்காட்சி சாலைக்கு வந்தவர்களிடம் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. உள்ளே போகும் முன்னும் சுற்றி முடித்த பின்னும் பிரஷர் பார்த்தார்கள், நடந்த அடிகளை எண்ணினார்கள், மனநிலை பற்றிக் கேள்வித்தாளும் கொடுத்தார்கள். பிரஷர் குறைந்திருந்தது, மனநிலை மேம்பட்டிருந்தது. எனக்குப் பிடித்தது அடிக்கணக்குதான்: ஆளுக்கு 6,000 அடிக்கு மேல் நடந்திருக்கிறார்கள். ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். போய் நட என்று யாரும் அவர்களை விரட்டவில்லை.

நடந்து முடித்தபின் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, சில மணி நேரத்துக்கு அழுத்தம் இறங்கியே இருக்கும். அப்படியானால் எல்லாம் நடையின் வேலைதானே, மிருகத்துக்கு இதில் என்ன பங்கு என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் பிளைமவுத் என்ற ஊரில் ஒரு பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய தொட்டியைப் புதுப்பித்தபோது மீன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சமயத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மீன் இல்லாத தொட்டியை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே இதயத் துடிப்பு தணிந்தது. மீன் கூடக்கூட ஆட்கள் கூடுதல் நேரம் நின்று பார்த்தார்கள், மனமும் கூடுதலாகத் தெளிந்தது. 2015-இல் வெளியான ஆய்வு இது. இதில் நடையே கிடையாது, பார்வை மட்டும்தான்.

நாள் முழுக்க நம் கவனத்தை நாமே பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். கணக்கு, கடன், பிள்ளை படிப்பு, போனில் வரும் செய்தி. அசையும் உயிர் ஒன்றைப் பார்க்கும்போது கவனம் தானாகப் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. தள்ளுகிற வேலை இல்லை. அதுதான் ஓய்வு. 2023 ஜூனில் அந்த மிருகசாலையிலிருந்து அனுமன் குரங்கு ஒன்று தப்பியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். திருப்பதியிலிருந்து புதிதாகக் கொண்டுவந்த பெண் குரங்கு. மூன்று வாரத்துக்கு மேல் நகரத்து மரங்களில் தாவிக்கொண்டே இருந்தது. ஆபீசுக்குப் போகிறவர்கள்கூட நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஊழியர்களுக்கு மட்டும் பிரஷர் ஏறியிருக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சின்னக் கூண்டுக்குள் ஒரு விலங்கு ஒரே தடத்தில் போய் வந்து போய் வந்து நடப்பதைப் பார்த்தால் நமக்கு மனம் தெளியாது, பாரம்தான் ஏறும். கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழியும் மரமும் வைத்த திறந்த இடங்கள் வருவது விலங்குக்கு நல்லது, பார்க்கிறவருக்கும் நல்லது. கல் எறிவது, கூச்சல் போட்டு எழுப்புவது, கடலை கொடுப்பது இதெல்லாம் வேண்டாம். வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பொதிச்சோற்றைப் பிரியுங்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். திங்கள்கிழமை விடுமுறை, வீணாகப் போய் நிற்காதீர்கள். நெஞ்சுவலி உள்ளவர்கள், இதய ஆபரேஷன் செய்தவர்கள் அந்த ஏற்றங்களில் பிள்ளைகள் வேகத்துக்கு நடக்க வேண்டாம். பெஞ்சுகள் இருக்கின்றன. முழுக்கச் சுற்றியே தீர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

அத்தை மாத்திரையை நிறுத்தவில்லை, அளவை மட்டும் பிறகு குறைக்க முடிந்தது. மாதம் ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு குழித்துறையில் ரயில் ஏறிவிடுகிறார். மற்ற நாட்களில் சாயங்காலம் குளத்தங்கரை வரை நடை, கொக்கு பார்க்கப் போகிறாராம். போன வாரம் சாயங்காலம் போன் வந்தது. முட்டு வலியாக இருக்கும் என்று எடுத்தேன்.

"மக்களே, ஒரு மணிக்கூர் நின்னேன் கேட்டியா. இன்னைக்கு அவன் வாயே திறக்கல்ல."

நன்றி, வணக்கம்.