சார்ல்ஸ் கேரல்னு அஞ்சு பேர்: யார் எவர்னு பிரிக்கிறது எப்படி? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. "அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட சார்ல்ஸ் கேரலோட தாத்தா அயர்லாந்துல இருந்து குடியேறினவர்னு சொன்னீங்க. மேரிலாந்து ஆவணங்கள்ல தேடினா அந்தப் பேர்ல அஞ்சு பேர் வர்றாங்க. எப்படிப் பிரிக்கிறது?"

அருமையான கேள்வி. வழக்கமாப் பார்க்கிறவங்களுக்கு என் பதில் தெரியும்: பேரைப் பிடிக்காதீங்க, நிலத்தைப் பிடிங்க.

மூணு பேர் ஒரே வரிசை. 1688 அக்டோபர்ல வந்து 1720ல இறந்த 'குடியேறி' சார்ல்ஸ். அவர் மகன் 'அன்னாபொலிஸ்' சார்ல்ஸ், 1702 முதல் 1782 வரை. பேரன் 'கேரல்டன்' சார்ல்ஸ், 1737 முதல் 1832 வரை. மீதி ரெண்டு பேர் வேற கிளை: ஒரு டாக்டர், அவர் மகன் பாரிஸ்டர். நம்ம வரிசை மூணு பேரும் கத்தோலிக்கர். டாக்டர் கத்தோலிக்கத்தை விட்டு புராட்டஸ்டன்ட் ஆனவர். அதனால 1718க்கும் 1776க்கும் நடுவுல ஒரு சார்ல்ஸ் கேரல் மேரிலாந்து சட்டசபையில உட்கார்ந்திருந்தா, அது நம்ம வரிசை இல்லை. கத்தோலிக்கருக்கு 1718லயே ஓட்டுரிமையும் போயிடுச்சு.

இப்ப நிலம். மேரிலாந்துல ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பேர் உண்டு. வரிப் பதிவேட்டைத் திறந்தா நிலத்தோட பேர், ஏக்கர், அளந்த தேதி, யாருக்காக அளந்தது, இப்ப யார் கையில, வருஷ வரி எவ்வளவுன்னு இருக்கும். குடியேறி சார்ல்ஸ் தன் நிலங்களுக்கு வச்ச பேரைப் பாருங்க: ஈலி ஓ'கேரல், லிட்டர்லூனா, டொரேகன். இதெல்லாம் அயர்லாந்துல அவங்க குடும்பம் இழந்த மண்ணோட பேர். இன்னைக்கு அது ஆஃபலி மாவட்டம், அன்னைக்கு கிங்ஸ் கவுன்டி. 1922ல டப்ளின் ஆவணக் காப்பகம் எரிஞ்சு, எத்தனையோ நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாச்சு. அயர்லாந்துப் பக்கம் தேடி முட்டி நிக்கிறவங்க, மேரிலாந்து நிலப் பேரை வச்சுப் பின்னாடி போகலாம். தேடும்போது 'ஓ' சேர்த்தும் பாருங்க, விட்டும் பாருங்க.

தேதியிலயும் ஒரு சிக்கல். 1752க்கு முன்னாடி ஆங்கிலேயர் கணக்குல புது வருஷம் மார்ச் 25ல பிறக்கும். குடியேறி சார்ல்ஸ் மேரி டார்னலைக் கல்யாணம் பண்ணது நம்ம கணக்குல 1694 பிப்ரவரி. பழைய பதிவுல அது 1693னு இருக்கும். இதைக் கவனிக்காம விட்டா, பிள்ளைகள் பிறந்த வரிசையே குழம்பிடும்.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற. குடியேறி சார்ல்ஸ் மேரிலாந்துக்கு அட்டர்னி ஜெனரலா, அதாவது அரசு வழக்கறிஞரா வந்த மனுஷன். மறு வருஷமே புராட்டஸ்டன்ட்கள் பண்ண கலகத்துல பதவி போச்சு. அப்புறம் எப்படி 47,777 ஏக்கரோட இறந்தார்? குடியேறுறவங்களுக்குத் தலைக்கு 50 ஏக்கர் இலவசம்ங்கிற திட்டத்துல வந்திருக்கும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை, அதை 1683லயே நிறுத்தியாச்சு. அந்தக் கலகத்துல அரசாங்கம்தான் மேரிலாந்து காலனியோட உரிமையாளரான பால்டிமோர் பிரபு கையை விட்டுப் போச்சு. நிலமும் அதோட வருமானமும் போகலை. அந்த நில நிர்வாகம் முழுக்க மேரியோட அப்பா ஹென்றி டார்னல் கையில. மருமகனும் அதுல வேலை பார்த்தார். 1711ல மாமனார் இறந்ததும் அந்தப் பொறுப்பு இவருக்கு. எங்க நல்ல நிலம் காலியா இருக்குன்னு இவரை விட யாருக்குத் தெரியும்? மறுபடியும் அதேதான், நிலத்தைப் பிடிங்க.

அந்த நிலத்துல புகையிலை விளைய வச்சது அடிமைகளா இருந்த ஆப்பிரிக்கர்கள். அவங்க வம்சத்தைத் தேடுறவங்களும் நம்ம பார்வையாளர்கள்ல இருக்கீங்க. இறந்தவர் சொத்துப் பட்டியல்களைப் பார்த்தா, பெரும்பாலும் முதல் பேரும் விலையும்தான் கிடைக்கும். டொரேகன்ல மட்டும் 1773 டிசம்பர்ல எடுத்த ஒரு பட்டியல் இருக்கு. அதுல குடும்பம் குடும்பமா, வயசோட எழுதியிருக்கு. அதுல இருந்து தொடங்குங்க.