லட்சம் டிசைன், ஒரு துளி ஈரம்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு எம்.ஓ.எஃப். (உலோக-கரிமக் கட்டமைப்பு) பற்றிப் பேசலாம். 2025இல் கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் வாங்கிக் கொடுத்த அதே பொருள்தான். உலோக அணுக்கள் முடிச்சு, கரிம மூலக்கூறுகள் குச்சி, நடுவில் எல்லாம் ஓட்டை. ஒரு கிராம் பொடிக்குள் 7,000 சதுர மீட்டர் வரை பரப்பு இருக்கும். ஏறக்குறைய ஒரு கால்பந்து மைதானம்!

முடிச்சையோ குச்சியையோ மாற்றினால் புதுப் பொருள். எல்லாவற்றையும் ஆய்வகத்தில் செய்து பார்க்க ஆயுசு போதாது. அதனால் 2012இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, 102 துண்டுகளைக் கம்ப்யூட்டரில் கோத்து 1,37,953 கட்டமைப்புகளை உருவாக்கியது. மீத்தேனைச் சேமிக்க எது நல்லது என்று தேடினார்கள்.

எப்படித் தேடுவது? மான்டி கார்லோ முறை. பெயரே சூதாட்ட ஊரின் பெயர், வேலையும் பகடை உருட்டுவதுதான். காலியான ஓட்டைக்குள் ஒரு வாயு மூலக்கூறைக் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். சுவரோடு ஒத்துப்போகிறதா என்று ஆற்றலைக் கணக்கிட்டு, ஒத்துப்போனால் இருக்கட்டும், இல்லையென்றால் பெரும்பாலும் வெளியே. இப்படி லட்சக்கணக்கான தடவை. கடைசியில் உள்ளே எத்தனை மிச்சமோ, அதுதான் கொள்ளளவு.

புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் பொருளையும் இப்படித்தான் தேடுகிறார்கள். சரி, இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புகைபோக்கியில் கார்பன் டை ஆக்சைடு தனியாக வருவதில்லை, நீராவியோடு வருகிறது. பல கணக்குகளில் அந்த ஈரத்தைச் சேர்ப்பதே இல்லை. சேர்த்தால் கணக்கு ரொம்ப இழுக்கும். நிஜத்தில் தண்ணீர்தான் முந்திக்கொண்டு இடம் பிடிக்கும். பட்டியலில் முதலிடம் வாங்கிய பொருள் ஈரத்தில் கோட்டை விடும்.

கால்ஃப்-20 என்ற எம்.ஓ.எஃப்.ஐப் பாருங்கள். கனடாவின் கால்கரியில் பிறந்தது. முடிச்சு துத்தநாகம், குச்சிகள் ஆக்சலேட், டிரையசோலேட், அவ்வளவுதான். கொள்ளளவில் சாம்பியன் கிடையாது. ஆனால் சுமார் 40 சதவீத ஈரப்பதம் வரை தண்ணீரைப் பொருட்படுத்தாமல் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. நீராவியிலும் உடைவதில்லை. என் ஓட்டு இதற்குத்தான். யாராவது "லட்சத்தில் சிறந்தது" என்று சொன்னால், ஈரத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

அப்புறம், இதே ஈரத்தைப் பிடிப்பதையே வேலையாக வைத்திருக்கும் ஒன்றும் உண்டு. எம்.ஓ.எஃப்.-303, பாலைவனக் காற்றிலிருந்தே தண்ணீர் எடுக்கும். அடுத்த வீடியோவில் அதைப் பிரித்து மேயலாம்.