கண்ணை அசைத்தால் நினைவு அழியுமா?

வணக்கம். விபத்து, வன்முறை, பேரிழப்பு போன்றவற்றால் மனக்காயம் பட்டவர்களுக்கு அளிக்கப்படும் ஈ.எம்.டி.ஆர். என்னும் கண்ணசைவுச் சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, 'அதைச் செய்துகொண்டால் நடந்தது மறந்துபோய்விடுமா?' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. மறந்துபோகாது. ஆனால் நினைவில் ஏதோ ஒன்று மாறத்தான் செய்கிறது.

இதோ, என் இரண்டு விரல்களைக் கேமராவுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஆட்டுகிறேன். வெளிப்பார்வைக்குச் சிகிச்சை அறையில் நடப்பது இவ்வளவுதான். வந்தவர் தம்மை வதைக்கும் காட்சியையும், அதோடு ஒட்டிக்கொண்ட 'எல்லாம் என்னால்தான்' என்பது போன்ற எண்ணத்தையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு, தலையை அசைக்காமல் கண்களால் மட்டும் விரல்களைப் பின்தொடர்வார். சிறிது நேரத்தில் சிகிச்சையாளர் கையை நிறுத்தி, 'இப்போது என்ன தோன்றுகிறது?' என்று கேட்பார். வேதனை 0 முதல் 10 வரையிலான அளவில் எங்கே நிற்கிறது என்பதையும் அவ்வப்போது விசாரித்து, அது நன்றாகத் தணியும் வரை சுற்றுகளைத் தொடர்வார். மொத்தமுள்ள 8 கட்டங்களில் விரலாட்டம் ஒரு பகுதியே என்பதால், இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1987-இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் அங்குமிங்கும் ஓடியதும் தம்மை அலைக்கழித்த எண்ணங்கள் வலுவிழந்ததைக் கவனித்தார் என்பது இதன் தோற்றக் கதை. நியூட்டனின் ஆப்பிளைப் போல இதுவும் கொஞ்சம் அழகாகத்தான் இருக்கிறது! 1989-இல் அவருடைய முதல் ஆய்வு வெளிவந்தது. 2013-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதல்களில் இச்சிகிச்சையைச் சேர்த்துக்கொண்டது.

பலன் எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் சுவாரசியமே இருக்கிறது. ஒன்றை நினைத்துப் பார்க்கும்போது அந்தக் காட்சியை மனக்கண்ணில் தாங்கிப் பிடிப்பது செயல்நினைவு. அதன் கொள்ளளவோ மிகச் சிறியது. என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு மழைநாளில் ஸ்கூட்டர் சறுக்கி நான் விழுந்தபோது எதிரே வந்த தண்ணீர் லாரியின் முகப்பு விளக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை நினைத்துக்கொண்டே 300-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கிறேன்: 293, 286, 279... லாரி அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் விளக்கின் கூச்சம் குறைந்துவிடுகிறது. கணக்கும் காட்சியும் ஒரே சிறிய இடத்துக்குப் போட்டியிடுவதால் இரண்டுமே முழுமையாக நிற்க முடிவதில்லை.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்செல் வான் டென் ஹவுட் குழுவினர் நடத்திய சோதனைகள் இந்த விளக்கத்தோடு ஒத்துப்போகின்றன. காதில் மாறி மாறி ஒலிக்கும் பீப் ஓசையைவிட, மனத்துக்கு அதிக வேலை வைக்கும் கண்ணசைவே காட்சியின் தெளிவையும் வேதனையையும் கூடுதலாகக் குறைத்தது. மேலும் கீழுமாகக் கண்ணை அசைத்தாலும் இதே விளைவு கிடைப்பதாக வேறோர் ஆய்வு காட்டியிருப்பதால், இடவலமான கண்ணசைவு இடது மூளையையும் வலது மூளையையும் இணைப்பதால்தான் குணமாகிறது என்ற பிரபலமான விளக்கத்தை நான் நம்புவதில்லை.

மங்கிய காட்சி அப்படியே தங்கிவிடுவது ஏன்? நினைவுகூரப்பட்ட நினைவு சிறிது நேரம் இளகிய நிலையில் இருந்து மறுபடி பதிகிறது என்பதை, 2000-இல் கரிம் நாதெரும் சக ஆய்வாளர்களும் எலிகளின் அச்ச நினைவில் காட்டினார்கள். கண்ணசைவின்போது மங்கிய வடிவமே அவ்வாறு மறுபடி பதிகிறது என்பது ஒரு கருதுகோள். மனிதர்களிடம் அது இன்னும் உறுதியாகவில்லை.

இளகிய நினைவில் தவறான தகவலும் புகலாம் அல்லவா? விபத்துக் காட்சியைப் பார்த்தவர்கள் கண்களை அசைத்த பிறகு தவறான விவரங்களை எளிதில் ஏற்றுக்கொண்டதாக 2018-இல் ஒரு நெதர்லாந்து ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டே அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அம்முடிவு கிடைக்கவில்லை. இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியவராக இருந்தால், முதல் அமர்வுக்கு முன்பே தமக்கு நினைவிருப்பதை வாக்குமூலமாகப் பதிவு செய்துவிட்டு, சிகிச்சையாளரிடமும் வழக்கறிஞரிடமும் அதைத் தெரிவித்துவிடுவது நல்லது.